நோகாத கால்

சுலோஜனா காளியம்மாளிடம் கேட்டது ஒரே ஒரு காரியம்தான். வீடு வளவு வேண்டும், நகை வேண்டும், மகளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை வேண்டும் என்று ஆட்கள் அம்மாளைப் போட்டு அரித்தெடுக்கிற ஊர் அது. இவள் அப்படி எதுவும் கேட்கவில்லை.

"என்ட காலில இரிக்கிற நோவ மட்டும் எடுத்துப் போடு தாயே. எடுத்துப் போட்டியெண்டா வாற வருசச் சடங்குல தீ மிதிக்கிறன்."

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. வாவிக்கரைக் கோயிலில் உச்சிப்பூசை முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். வெளிமதிலோரம் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவள், மணலில் விரல்களை மட்டும் ஊன்றி ஊன்றி நடந்தாள். மணல் சுட்டதால் அல்ல. அவளுடைய குதிகால் நிலத்தில் படிய மறந்து இரண்டு வருடமாகிவிட்டது. வெறுங்காலில் குதியை ஊன்றினால் கெண்டைக்கால் நரம்பு கிழிகிற மாதிரி இழுக்கும். நாற்பத்தொரு வயதில் ஒரு பெண் இப்படியா நடப்பது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அந்தக் கால் எப்படி அப்படியானது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டணத்தில் இருக்கிற ஒரு மூன்று மாடிப் புடவைக் கடையில் சுலோஜனா பதினொரு வருடமாக வேலை செய்தாள். கல்லடியிலிருந்து காலையில் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டினால் எட்டு மணிக்குக் கடையில் நிற்கலாம். முதல் ஐந்து வருடம் கீழ்மாடியில் சட்டைத்துணி கிழித்தாள். பிறகு மூன்றாம் மாடிக்கு, கூறைப் புடவைப் பகுதிக்கு, ஏற்றிவிட்டார்கள். ஏற்றியதில் பிழையில்லை. மணப்பெண்ணின் நிறத்தை ஒரு முறை பார்த்து, நாற்பது புடவையில் நாலை எடுத்துப் போட்டு, அந்த நாலில் ஒன்றை வாங்க வைக்கிற கை அவளுடையது. மாமியார்கள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றாலும் இருவரையும் சிரிக்க வைத்துத்தான் கீழே அனுப்புவாள்.

மூன்றாம் மாடிக்கு ஒரு சட்டம் இருந்தது. கொழும்பில் பெரிய ஹோட்டலில் வேலை பழகி வந்த சிவதர்ஷன் என்ற மனேஜர் போட்ட சட்டம். பெண்கள் எல்லோரும் ஒரே நிறப் புடவை, கறுப்புச் சப்பாத்து, குதி மூன்று அங்குலம். முதல் நாள் அவர் அடிமட்டத்தோடு வந்து குதியை அளந்தார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்த இரண்டு ஸ்டூல்களையும் அன்றைக்கே கீழே இறக்கிவிட்டார்.

"கூறை பாக்க வாறவங்க நம்மள அண்ணாந்து பாக்கணும் அக்கா. அப்பதான் புடவைக்கும் ஒரு மதிப்பு. கஸ்டமர் நிக்கேக்க நாம இரிக்கிறது வடிவில்ல."

அவருக்கு முப்பது வயது. அவரும்தான் நாள் முழுக்க நின்றார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் தட்டைச் சப்பாத்தில் நின்றார். லிப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும் என்றும் அவரே எழுதி ஒட்டியிருந்தார். அதனால் சுலோஜனா அந்தக் குதியோடு அறுபத்திரண்டு படி ஏறுவாள், சாப்பாட்டுக்கு இறங்குவாள், மறுபடி ஏறுவாள்.

சிவதர்ஷன் ஆணி அடித்து அவள் காலில் சப்பாத்தை இறுக்கினார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு அது பிடித்திருந்தது. நாலடி பத்தங்குலம் அவள். பள்ளிக்கூடத்தில் எந்த வரிசையிலும் முதல் ஆள். 'கட்டச்சி' என்றுதான் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியும். கலியாணப் படத்தில்கூடப் படம்பிடித்தவன் அவளை ஒரு பலகையில் ஏற்றி நிறுத்தித்தான் மாப்பிள்ளை யோகராசாவின் தோளுக்குக் கொண்டுவந்தான். அப்படிப்பட்டவள் முதல் நாள் அந்தச் சப்பாத்தைப் போட்டு மூன்றாம் மாடிக் கண்ணாடியின் முன்னால் நின்றபோது, வேறு ஒருத்தி நின்றாள். கழுத்து நீண்டிருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. வந்த பெண்கள் அவளுடைய கண்ணுக்கு நேரே பார்த்துப் பேசினார்கள். லீவு நாளில் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவள் அதையே போட்டாள். வேண்டாம் என்று சொன்ன கணவனை, "ஒங்களுக்கு எரிச்சல்" என்று பகிடி பண்ணினாள்.

கூட வேலை செய்த நஸீறாதான் தப்பிப் பிழைத்தவள். காத்தான்குடிக்காரி, ஏழு வயது இளையவள், அடுத்த மேசையில் பட்டுச் சோளி விற்றாள். அவளுடைய அபாயா நிலத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அதற்குள்ளே இரண்டு ரப்பர் செருப்பு. ஒரு நாள் சிவதர்ஷனுக்குச் சந்தேகம் வந்து, குதி சரியான அளவுதானா என்று கேட்டார்.

"அபாயாவத் தூக்கிக் காட்டட்டா சேர்?" என்றாள் நஸீறா.

மனுசன் முகம் சிவந்து படியிறங்கிப் போனவர் அதற்குப் பிறகு அவள் காலடிப் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. சுலோஜனாவும் அவளும் புடவை ராக்கைக்குப் பின்னால் போய் வயிறு நோகச் சிரித்தார்கள். நஸீறா சிரித்து முடித்து, "அக்கா, நீங்களும் ஒரு அபாயா தைங்க" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாம் மாடிக்கு ஏறிய மூன்றாவது வருடத்தில் வலது காலின் கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சரியத் தொடங்கியது. அடிமூட்டில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு எலும்பு புடைத்தது. இரண்டாம் விரல் இடமில்லாமல் மடங்கிக் கட்டைவிரலின் மேலே ஏறியது. பாதத்தின் முன்பக்கத்தில், விரல்களுக்குச் சற்றுக் கீழே, ஆணி விழுந்தது. சுண்டுவிரல் நகம் கறுத்து உதிர்ந்தது. பிறகு எரிவு. மாலை ஐந்து மணிக்குப் பிறகு இரண்டு பாதத்திலும் மிளகாய்த்தூள் அப்பின மாதிரி எரியும். வீட்டுக்கு வந்ததும் யோகராசா மீன் கழுவுகிற பேசினில் தண்ணீர் வைத்துக் காலை அதற்குள் விடுவாள். அவன் வாவியில் வலை போடுகிறவன், பேச்சுக் குறைவு, சாராயம் கொஞ்சம் கூட. எதிரே குந்தியிருந்து அந்த விரல்களைப் பார்ப்பான்.

"அந்த எழவு சப்பாத்த விடு புள்ள. கீழ்மாடிக்குப் போயன்."

"துணி கிழிக்கவா? திரும்பியுமா?"

அதோடு பேச்சு முடியும். தட்டைச் செருப்பு வாங்கிப் பார்த்தாள். குதி நரம்பு குறுகிப்போனதால் தட்டைச் செருப்பில்தான் அதிகம் நொந்தது. நோவைக் கொடுத்த சப்பாத்தே நோவுக்கு வசதியாகவும் ஆகிப்போனது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு இளம் டொக்டர் பெண் காலை மடியில் வைத்துப் பார்க்காத குறையாகப் பார்த்தாள். ஊசி நுனியால் விரல்களை மெல்லத் தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டாள். இரண்டு இடத்தில் சுலோஜனாவுக்குத் தெரியவில்லை.

"சப்பாத்து செஞ்ச பிழை ஒண்டு, அது கண்ணுக்குத் தெரியுது. ஆனா எரியிறதுக்கு வேற காரணமும் இரிக்கலாம். சீனி வருத்தம் இரிக்கா எண்டு பாக்கவேணும். வெறும் வயித்தில காலையில வந்து ரத்தம் குடுங்க அம்மா. நோவுக்கு மருந்து இரிக்கு. மரத்துப் போனா மட்டும் ஒரு நாளும் பிந்தக் கூடாது."

ரத்தச் சோதனைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தாள். சுலோஜனா அதை நாலாக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தாள். காலையில் ரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் எட்டு மணிக்குக் கடையில் நிற்க முடியாது. நிற்காவிட்டால் கடைப் பொம்மைகளுக்குக் கூறை உடுத்துகிற அவளுடைய வேலையை வேறு ஒருத்தி செய்வாள். ஒரு நாள் செய்தவள் மறுநாளும் செய்வாள். மூன்றாம் மாடி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. அடுத்த கிழமை, அடுத்த போயா லீவு என்று தள்ளித் தள்ளித் துண்டு பையிலேயே கிடந்தது. கோயிலுக்குப் போக மட்டும் வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு கிடைத்தது. கும்பிடப் போகிறேன் என்றால் எந்த மனேஜரும் மறுக்கமாட்டார்.

நேர்த்தி வைத்த பிறகு நடந்தது அவளையே மலைக்க வைத்தது. ஐப்பசியில் எரிவு குறைந்தது. கார்த்திகை மழைக்குள் இன்னும் குறைந்தது. தைப்பொங்கல் அன்று காலையில் எழுந்து குசினிக்குள் போனவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். எங்கேயும் நோகவில்லை. விரலை அமத்திப் பார்த்தாள். நிலத்தில் தட்டிப் பார்த்தாள். பஞ்சு மெத்தையில் நிற்கிற மாதிரி இருந்ததே தவிர ஒரு துளி நோவு இல்லை. பொங்கல் பானையை விட்டுவிட்டு யோகராசாவை எழுப்பினாள்.

"இஞ்சாருங்க. அம்மாள் எடுத்துப்போட்டா. முழுக்க எடுத்துப்போட்டா!"

அழுதுகொண்டே சிரித்தாள். அவனுக்கும் கண் கலங்கியது. அந்தச் சந்தோசத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருடம் எரிந்த கால், ஒரு விடியலில் குளிர்ந்திருந்தால் யார்தான் கேள்வி கேட்பார்கள்?

நஸீறா கேட்டாள். சித்திரை மாதம், கலியாணக் காலம். காலையிலிருந்து கூட்டம். ஆறு மணிக்குக் கடைசி வாடிக்கையாளர் இறங்கியதும் நஸீறா நிலத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். வெள்ளை மாபிளில் சுலோஜனா நடந்த இடமெல்லாம் காசளவு சிவப்புப் புள்ளி.

"அக்கா, சப்பாத்தக் கழட்டுங்க."

கழற்றினால் உள்ளே புடவைக் குண்டூசி. பொம்மைக்கு மடிப்புக் குத்துகிறது. எப்படியோ சப்பாத்துக்குள் விழுந்து, வலது பாதத்தின் முன்பக்கத்து ஆணிக்குள் கொண்டை வரைக்கும் ஏறியிருந்தது. நஸீறா கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்தாள். சுலோஜனா ராக்கையில் புடவை அடுக்கிக்கொண்டே நின்றாள்.

"எப்பக்கா குத்தின?"

"தெரியா புள்ள."

"ஊசி காலுக்குள்ள ஏறி நிக்கிது, தெரியாதா? காலையில இரிந்தா? அக்கா, இது நல்லதுக்கில்ல. எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் கால் மரத்த. சீனி பாருங்க. நான் கூட வாறன்."

"நீ சும்மா இரி புள்ள. இது அம்மாள்ட காரியம். நோவ எடுத்தா எண்டா ஊசி குத்தின நோவும் சேத்துத்தானே?"

அடுத்தவர் நம்பிக்கையில் வாய் வைக்கக் கூடாதென்று வளர்ந்தவள் நஸீறா. "அல்லா காப்பாத்தட்டும்" என்று மட்டும் சொல்லி, காயத்தைத் துடைத்துப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டாள். அன்றைக்கு வாயை மூடியதற்காகப் பின்னால் அவள் தன்னையே திட்டாத நாள் இல்லை.

ஆனியில் சடங்கு வந்தது. சுலோஜனா லீவு எடுத்துக் காப்புக் கட்டினாள். ஏழு நாள் கோயில் வளவுக்குள்ளேயே ஒரு நேரச் சோறு, வாவியில் முழுக்கு, மஞ்சள் சேலை, வெறுங்கால். நாற்பது பேர் காப்புக் கட்டியிருந்தார்கள்.

தீயைப் பற்றி அந்த ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. சுத்தமானவரைத் தீ சுடாது. சுட்டால் ஆளில் குற்றம். முந்தின வருடம் டிலக்சன் என்ற இளந்தாரிக்குக் கால் வெந்தது. ஊர் சும்மா விடவில்லை. காப்போடு கள்ளுக் குடித்தான் என்றது ஒரு வாய், எவளோடோ போனில் பேசினான் என்றது இன்னொரு வாய். குற்றம் எது என்று முடிவாகும் முன்பே அவன் கட்டாருக்கு ஏறிப் போய்விட்டான். அதனால் பூசகர் தீயிறங்குகிறவர்களை முன்கூட்டியே கேட்டு வைப்பார். அவர் நல்ல மனுசன், கெட்டிக்காரரும்.

"காலில புண், வெடிப்பு, காயம் ஒண்டும் இல்லியே புள்ள? இரிந்தாச் சொல்லு. வாற வருசம் மிதிக்கலாம். அம்மாள் கோவிக்கமாட்டா."

ஊசி ஏறின இடம் இரண்டு மாதமாகியும் மூடவில்லை. சுற்றி வெள்ளையாக ஊறி, நடுவே ஒரு சின்னக் குழி. சுலோஜனா காலையில்தான் அதற்குள் மஞ்சள் அரைத்து அடைத்திருந்தாள். இரண்டு பாதத்துக்கும் மஞ்சள் அப்பியிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

"ஒண்டுமில்ல ஐயா" என்றாள்.

நேர்த்தியைப் பிந்தவிட்டால் எடுத்த நோவை அம்மாள் திருப்பித் தந்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயம். உலகத்தில் அவள் வேறு எதற்கும் அவ்வளவு பயப்படவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் குழி தயாரானது. இருபத்தொரு அடி நீளம், தணல் ஒரே சீராகப் பரவி, மேலே சாம்பல் பறந்தது. பறை முழங்கியது. முன்னால் போனவர்கள் வேப்பிலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஆறேழு எட்டில் கடந்து அந்தப் பக்கத்துப் பால்குழிக்குள் காலை வைத்தார்கள். சுலோஜனாவின் முறை வந்தது. அவள் ஓடவில்லை. ஓடத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. குதி படியாத கால். மூன்றாம் மாடியில் மணப்பெண்ணுக்கு முன்னால் கூறையை ஏந்திக்கொண்டு நடக்கிற நடைதான் அவளுக்கு வந்தது. முதுகு நிமிர்ந்து, பார்வை நேரே, சின்னச் சின்ன எட்டு. பாரம் முழுக்க முன்பாதத்தில். இல்லாத சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவள் தணலில் பதினெட்டு எட்டு வைத்தாள்.

ஊர் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பிறகு பெண்கள் குரவை போட்டார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பால்குழியால் ஏறியவளின் காலில் நாலைந்து பேர் விழுந்தார்கள். கைக்குழந்தையை அவள் பாதத்தில் போட்டு எடுத்தாள் ஒருத்தி. சூடு தெரிந்ததா என்று கேட்டவர்களுக்கு, "குளிர்ந்து கிடந்த மாதிரி" என்றாள். அதில் பொய் இல்லை. யோகராசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வாயைத் திறந்தால் பத்துச் சொல் பேசாதவன், எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"என்ட மனிசி தீயில அப்பிடி நடந்தவள். இனி நான் குடிச்சா மனிசனில்ல. அம்மாளறியச் சொல்லுறன்."

அவள் வாழ்க்கையில் அதைவிட உயரமாக நின்ற நேரம் இல்லை. எந்தச் சப்பாத்தும் அந்த உயரத்தைத் தந்ததில்லை.

மறுநாள் காலையில் கிணற்றடியில் மஞ்சளைக் கழுவினாள். இடது காலில் சும்மா சிவப்பு. வலது காலின் முன்பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்துக் கழன்று தொங்கியது. ஊசி ஏறின குழி கறுப்பாக இருந்தது. தோலைத் தொட்டாள். வேறு யாருடைய காலையோ தொடுகிற மாதிரி இருந்தது.

வெந்திருக்கிறது. அவளையும் சுட்டிருக்கிறது. அப்படியானால் என்ன குற்றம்? பூசகரிடம் பொய் சொன்னது. அது அம்மாளுக்கும் தனக்கும் இருக்கட்டும். ஆனால் ஊருக்குத் தெரிந்தால்? டிலக்சனாவது பிளேன் ஏறினான். அதைவிட, யோகராசாவுக்குத் தெரிந்தால்? பின்பக்கம் அவன் விடிகாலையிலேயே எழும்பி, தெளிந்த கண்ணோடு வலை தைத்துக்கொண்டிருந்தான். கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் அவனை அந்த நேரத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை. அவள் தோலைக் கத்தரித்தாள். பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினாள்.

"என்ன அது?" என்றான் அவன்.

"மஞ்சள் வச்சுக் கட்டியிரிக்கிறன். நேர்த்திக்கால்."

அவன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? தீயில் நடந்தவளாயிற்றே.

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போனாள். கட்டோடு சேர்த்துக் காலைக் கறுப்புச் சப்பாத்துக்குள் திணித்தாள். நல்ல கால் உள்ள ஒருத்தியால் அதைச் செய்திருக்க முடியாது, அலறியிருப்பாள். இவளுக்குச் சப்பாத்து இறுக்கமாக இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவள் தீயில் நடந்த வீடியோ போனுக்குப் போன் பறந்து, பட்டணம் முழுக்கப் பார்த்திருந்தது. கொக்கட்டிச்சோலையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் மணப்பெண் வீட்டார் வந்து, "தீயில நடந்த அக்கா எங்க? அவங்கட கையால எடுத்துத் தரட்டும்" என்று கேட்டார்கள். சிவதர்ஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவளை வாசலுக்கு நேரே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிறுத்தினார். சாப்பாட்டு நேரத்திலும் இறங்க விடவில்லை. மேலேயே பார்சல் எடுத்துக் கொடுத்தார்.

"அக்கா, நீங்க நிண்டாலே போதும்" என்றார்.

அவள் நின்றாள். மூன்று கிழமை நின்றாள். இரண்டாம் கிழமையில் பின்னேரங்களில் குளிர்காய்ச்சல் வந்தது. பெனடோல் மாத்திரை போட்டாள். தண்ணீர் விடாய் தாங்கவில்லை. மூன்றாம் கிழமையில் மணம் வந்தது. பட்டுப் புடவையின் புது மணத்துக்குள்ளே இன்னொன்று. முதலில் எலி செத்துக் கிடக்கிறது என்று ராக்கைகளை இழுத்துத் தேடினார்கள். சுலோஜனாவும் சேர்ந்து தேடினாள். பிறகு ஒரு சென்ட் போத்தல் வாங்கிப் புடவைக் கரையில் அடிக்கத் தொடங்கினாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கூறை பார்க்க வந்த ஒரு தாய் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அதை நஸீறா கண்டாள். அவள் சுலோஜனாவின் கையைப் பிடித்துத் துணி வைக்கிற அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். புடவைக் கட்டு ஒன்றின் மேல் உட்கார வைத்தாள்.

"காலக் காட்டுங்க."

"விடு புள்ள. ஒருத்தருக்கும் சொல்லிராத. அந்த மனுசன் குடிக்கிறத விட்டு இருபத்திமூணு நாள்."

அவளுடைய உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நஸீறா சப்பாத்தை இழுத்தாள், வரவில்லை. கால் வீங்கிச் சப்பாத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தது. துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்துச் சப்பாத்துத் தோலின் ஓரத்தில் வைத்து வெட்டினாள். உள்ளே துணி பச்சையாய் ஊறிக் கிடந்தது. அதையும் வெட்டினாள். கட்டைவிரலும் பக்கத்து விரலும் கரியாக இருந்தன. பாதத்தின் முன்பக்கத்தில் எலும்பு தெரிந்தது.

"யா அல்லா" என்றாள் நஸீறா. பிறகு கோபத்தில் கத்தினாள். "நோகல்லயாக்கா? உண்மையாவே நோகல்லயா?"

"இல்ல" என்றாள் சுலோஜனா. அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்கப் பயமாக இருந்தது.

ஓட்டோவில் ஏற்றிப் போனார்கள். அடையாள அட்டை தேடிக் கைப்பையைத் துழாவிய நஸீறாவின் கையில் நாலாக மடித்த அந்தத் துண்டு வந்தது. சீனி நானூறுக்கு மேல் நின்றது. பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். சப்பாத்து விரலை நெரித்துப் புண்ணாக்க, சீனி நரம்பைத் தின்று அந்த நோவை மறைத்திருக்கிறது. எரிவு அடங்கியது சுகத்தால் அல்ல, நரம்பு செத்ததால். சர்ஜன் இதையெல்லாம் யோகராசாவுக்கு மெதுவாக, இரண்டு தடவை விளங்கப்படுத்தினார். அவன் தலையாட்டினான். எங்கே கையெழுத்து வைப்பது என்று கேட்டான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஊர் தன் கணக்கைப் போட்டு முடிக்க மூன்று நாள் போதுமாயிருந்தது. அம்மாளுக்கு முன்னால் ராணி மாதிரி நடந்த தலைக்கனம் என்றது ஒரு வாய். பூசகரிடம் பொய் சொன்னது எப்படியோ வெளியே வந்துவிட்டது. காலில் விழுந்த பெண்களே அதைக் கூடுதலாகச் சொன்னார்கள். சீனி, நரம்பு என்ற பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. சிவதர்ஷன் ஒரு பை ஆப்பிளோடு வார்டுக்கு வந்தார். போர்வை தட்டையாகக் கிடந்த பக்கத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். மூன்றாம் மாடிக்கு அன்றைக்கே வேறு ஒருத்தி வந்துவிட்டாள் என்று நஸீறா சொல்லவில்லை. ஸ்டூல் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் யோகராசா வந்து கட்டிலருகே குனிந்தபோது சாராய மணம் வந்தது. சுலோஜனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம், ஆட்கள் பார்க்க வருகிற நேரம். நஸீறா வீட்டில் காய்ச்சின கஞ்சியோடு வந்தாள். சுலோஜனா அயர்ந்து கிடந்தாள். முகம் சுருங்கியிருந்தது. திடீரென்று கண்ணைத் திறந்து கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"நஸீறா, எரியுது புள்ள."

"எங்கக்கா? வெட்டின இடத்திலயா?"

"இல்ல. விரலில. வலதுகால் கட்டைவிரல நெரிக்கிது. மத்த விரல் மேல ஏறி நிக்கிது. முந்தி நொந்த மாதிரியே."

நஸீறா மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நேர்ஸைப் பார்த்தாள். நேர்ஸ் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள், சிலருக்கு இப்படி வரும், எடுத்த கால் இருக்கிற மாதிரியே நோகும், சிலருக்கு மாறும், சிலருக்கு வருடக்கணக்கில் மாறாது என்று. மருந்து எழுதச் சொல்கிறேன் என்று போனாள்.

சுலோஜனாவுக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை. நெற்றியில் வியர்த்துக் கொட்டியது.

"அந்தச் சப்பாத்த ஒருக்காக் கழட்டி விடன் புள்ள. ஒனக்குப் புண்ணியம்."

நஸீறா எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், வெறும் போர்வைக்கு மேலே கையை வைத்து, வாரை அவிழ்ப்பது போல அவிழ்த்து, குதியைப் பிடித்து இழுப்பது போல மெல்ல இழுத்தாள். கண்ணீர் போர்வையில் விழுந்தது.

"கழட்டிட்டன் அக்கா."

"இல்ல" என்றாள் சுலோஜனா. "இன்னும் கழரல்ல."